சென்சிடிவிட்டி ஒன்றாக இருந்தால் பரவலா? மரபணு வரிசை பார்த்தே ஆக வேண்டுமா?

பெட்ரித்தட்டு: ஒரே மாதத்தில் ஐசியுவில் நான்கு பேர் ரத்தத்தில் கார்பபெனெமுக்கு (கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக் வகை) அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்து, சென்சிடிவிட்டியும் (எந்த மருந்துக்கு அடங்கும் என்ற சோதனை முடிவு) ஒன்றாக இருந்தால் உடனே "பரவல்" என்று எழுதிவிடுகிறார்கள். வெவ்வேறு திரிபுகள் (ஒரே கிருமியின் உள்வகைகள்) ஒரே மருந்தெதிர்ப்பு ஜீனைச் சுமக்கலாம். ஒரே திரிபு பிளாஸ்மிடை (எதிர்ப்பு ஜீனைச் சுமந்து கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய தனி டிஎன்ஏ வளையம்) இழந்து வேறுமாதிரி தெரியலாம். முழு மரபணு வரிசையை ஒப்பிட்டு, வித்தியாசம் சுமார் 20 டிஎன்ஏ எழுத்துக்குள் வந்தால்தான் சந்தேகம் வலுக்கும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் 2011இல் முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரம் கழித்தே இரண்டாமவர் தெரியவந்தார். இரண்டும் ஒரே சங்கிலி என்று காட்டியது வரிசைதான். மொத்தம் 18 பேருக்குப் பரவியது. 11 பேர் இறந்தார்கள், அதில் 6 மரணங்களுக்கு அந்தத் தொற்றே காரணம்.

வார்டுவலம்: மறுக்கவில்லை. ஆனால் கல்ச்சரே (ரத்தத்தைப் பாட்டிலில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) சரியாக எடுக்காத இடத்தில் எதை வரிசைப்படுத்துவீர்கள்? ஆன்டிபயாடிக் போடுமுன் தனித்தனி இடத்தில் குத்தி இரண்டு செட், பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம். மூன்று மி.லி. விட்டால் ரத்தத்தில் குறைவாக உள்ள கிருமி தப்பிவிடும். குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் தடவி 30 வினாடி காயவிடாமல் குத்தினால் தோல் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்து பொய்த்தொற்றாகப் பதிவாகும்.

சென்ட்ரல் லைன்தான் (பெரிய ரத்தநாளத்தில் செருகிவைக்கும் குழாய்) தொற்றின் மூலமா என்று பார்க்க, லைனிலும் கையிலும் ஒரே நேரத்தில் சம அளவு எடுங்கள். லைன் பாட்டில் 120 நிமிடமோ அதற்கு மேலோ முந்தி வளர்ச்சி காட்டினால் லைன் மீது சந்தேகம். கை பாட்டிலில் ரத்தம் குறைந்தால் அந்த இடைவெளியே பொய்.

தொற்று விகிதக் கணக்கும் அப்படித்தான். 1,200 லைன் நாளில் (லைன் உள்ள நோயாளிகளைத் தினமும் எண்ணிக் கூட்டியது) 3 தொற்று என்றால் ஆயிரத்துக்கு 2.5. ஒருவருக்கு இரண்டு லைன் இருந்தாலும் ஒரு நாள்தான். கல்ச்சர் அனுப்பாத ஐசியுவுக்கு இந்த எண் எப்போதும் அழகாகவே வரும். அதுதான் எனக்குக் கோபம்.

பெட்ரித்தட்டு: ரத்தத்தில் வளர்ந்தவர்களை மட்டும் எண்ணினால் குடலில் சுமப்பவர்கள் விடுபடுவார்கள். மலக்குடல் ஸ்வாப் எடுத்து, வளர்ந்ததையெல்லாம் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்தால் பிறகாவது ஒப்பிடலாம். தட்டைக் குப்பையில் போட்டபின் எந்தக் கருவியும் உதவாது.

நீள்வாசிப்பு: இருவரும் பிளாஸ்மிடை விட்டுவிட்டீர்கள். கார்பபெனெமை முறிக்கும் என்டிஎம் ஜீன் பிளாஸ்மிட் வழியாகக் கிளெப்சியெல்லாவிலிருந்து ஈகோலை என்ற வேறு பாக்டீரியாவுக்குத் தாவினால், எழுத்து வித்தியாசம் எண்ணும் முறை "தொடர்பில்லை" என்றே சொல்லும். டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் குறும்வாசிப்பு வரிசையில் பிளாஸ்மிட் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், நீண்ட துண்டுகளாகப் படிக்கும் நீள்வாசிப்பு தேவை. கை கழுவும் தொட்டியின் வடிகால் குழாய்க்குள்ளும் ஸ்வாப் எடுங்கள். மேல்பரப்பைத் துடைத்தால் உள்ளே படிந்த உயிர்ப்படலம் (கிருமிகள் ஒட்டி வளரும் படலம்) சிக்காது.

வார்டுவலம்: சரி, ஆனால் முடிவு வர நாளாகும். இரண்டாவது நோயாளி தெரிந்த அன்றே தனிமைப்படுத்தி, பக்கத்துப் படுக்கைகளில் ஸ்வாப் எடுத்தாக வேண்டும். வித்தியாசம் 5 எழுத்து என்று வந்தாலும் யாரிடமிருந்து யாருக்கு என்பதைப் படுக்கை மாற்றப் பதிவேடு இல்லாமல் எப்படிச் சொல்வீர்கள்?

பெட்ரித்தட்டு: சொல்ல முடியாது. ஆனால் 300 எழுத்து என்று வந்தால், நேரடியாகக் கைமாறியது என்ற சந்தேகத்தை விட்டுவிட்டு வேறு மூலத்தைத் தேடலாம். அந்தப் பதில் பதிவேட்டில் கிடைக்காது.