தைவானுக்கு மருமகனை அனுப்பலாமா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, புளியரையிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகனுக்குத் தைவானில், சிஞ்சு நகரத்தில், சிப் சம்பந்தமான ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, நாலு வருஷம். டிவியில் சீனப் போர்க்கப்பலைப் பார்த்த நாளிலிருந்து அக்கா அவன் பாஸ்போர்ட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, "சண்டை வருமா வராதா, நீயே சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

தைவானைப் பிடிக்க 2027க்குள் தயாராக இருக்கும்படி சீன அதிபர் ஷி ஜின்பிங் ராணுவத்துக்குச் சொல்லியிருப்பதாக அமெரிக்க உளவுத்துறை சொல்கிறது. சரி, தயாராவதும் இறங்குவதும் ஒன்றா? சீனாவுக்கும் தைவானுக்கும் நடுவில் குறுகலான இடத்திலேயே சுமார் 130 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. வருஷத்துக்கு 3 சதவீத வாய்ப்பு என்று சும்மா வைத்தாலும் நாலு வருஷத்துக்கு 11க்கு மேல் வருகிறது, ஆனால் அந்த 3ஐ எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் முட்டி நிற்கிறேன்.

எங்கள் செக்போஸ்டில் காய்கறி லாரிகள் வரிசைகட்டி நின்றால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஹர்த்தால் என்று டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார். உக்ரைன் எல்லைக்கு ரஷ்யா ரத்தப் பைகளைக்கூடக் கொண்டுபோனதாக 2022 ஜனவரியிலேயே செய்தி வந்தது. அதுமாதிரி தைவான் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? படையை ஏற்றப் பயணிகள் கப்பல்கள் ஒரே துறைமுகத்தில் சேர்வதையா? முற்றுகை மட்டும் போட்டால் அதைத் தனியாகக் கணக்கிட வேண்டுமா? (விமானம் நின்றுபோனால் அக்காவுக்கு ரெண்டும் ஒன்றுதான்.)

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் பையன் பதில் அனுப்பணும்.