கனடா ஸ்காபரோவில வாடகை பேஸ்மென்ட்: சுவரில ஈரம், என்ன செய்யலாம்?

கேள்வி:
ஜூன் தொடங்கினதில இருந்து படுக்கையறைச் சுவர் அடியில ஒரு முழ உயரத்துக்கு ஈரம். பெயின்ற் உரிஞ்சு வெள்ளைத் தூள் கொட்டுது. கட்டிலுக்குப் பின்னால கறுப்புப் பூஞ்சணம். மகளுக்குத் தொய்வு இருக்கு, அதுதான் பயம். யன்னலை முழுநாளும் திறந்துதான் வைக்கிறன்.

பதில்:
தங்கச்சி, முதல்ல யன்னலைப் பூட்டுங்கோ. கோடைக்காற்றில ஈரம் கூட. குளிர்ந்த சுவரில பட்டால் தண்ணியாகும். ஒரு அடிப் பொலித்தீனை நாலு பக்கமும் செலோரேப் போட்டுச் சுவரில ஒட்டி 2 நாள் விடுங்கோ. அறைப்பக்கம் நனைஞ்சால் காற்று ஈரம், சுவர்ப்பக்கம் நனைஞ்சால் நிலத்தண்ணி. வெள்ளைத் தூள் சிமெந்தில இருந்து வாற உப்பு. எனக்கு நிலத்தண்ணியிலதான் சந்தேகம்.

கேட்டவர்:
சுவர்ப்பக்கம்தான் நனைஞ்சிருக்கு அண்ணை. வெளியில போய்ப் பாத்தன், பீலித்தண்ணி நேரா அத்திவாரத்தடியில ஊத்துது!

பதில்:
அதுதான். குழாயை 2 மீற்றராவது தள்ளி விடவேணும். திருத்திறது வீட்டுக்காரற்ர பொறுப்பு, ஒன்ராறியோவின்ர 2006 வாடகைச் சட்டம் அப்பிடித்தான். படத்தோட எழுத்தில குடுங்கோ.

இன்னொருவர்:
அதுவரைக்கும் கட்டிலைத் தள்ளிப் போடுங்கோ. டீஹியூமிடிஃபையர் (காற்றில இருக்கிற ஈரத்தை எடுக்கிற மெஷின்) போட்டு ஈரப்பதனை 50 வீதத்துக்குக் கீழ வையுங்கோ. பூஞ்சணத்தைப் பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியால துடையுங்கோ, பிளீச் வேண்டாம். அந்த நேரம் பிள்ளை அறையில நிக்கக்கூடாது.