கிளியரன்ஸ்: ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

பொருள்: 'கிளியரன்ஸ்' – கலைச்சொல் தேவை

வணக்கம். விளையாட்டுக்கும் வடிவமைப்புக்கும் பொதுவாக, செலவை அடக்கி, சிறு பெட்டிக்குள் கணினி கட்டும் கையேடு முடியும் தறுவாயில் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு வைத்திருக்கும் உறுப்புகள் இவை: ரைசன் 5 7600 செயலி, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் அட்டை, 32 ஜிபி டிடிஆர்5 நினைவகம், 170 × 170 மி.மீ. மினி ஐடிஎக்ஸ் தாய்ப்பலகை, 550 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சிறு வடிவ) பவர் சப்ளை, 18.25 லிட்டர் கூலர் மாஸ்டர் என்ஆர்200 பெட்டி.

செயலி, தாய்ப்பலகை, நினைவகம் எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. உறுப்புக்குப் பெட்டிக்குள் உள்ள இடத்தைச் சொல்லும் 'கிளியரன்ஸ்' மட்டும் பக்கத்துக்குப் பக்கம் முட்டுகிறது. 'இடைவெளி' என்று போட்டால், செயலியைக் குளிர்விக்கும் கூலரைப் பற்றிய வரி "கூலருக்கான இடைவெளி 155 மி.மீ." என்றாகிறது. கூலருக்கும் கதவுக்கும் நடுவில் அவ்வளவு இடம் காலி இருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். என்ன செய்யலாம்?

மறு: 'கிளியரன்ஸ்' – கலைச்சொல் தேவை

'இடைவெளி'யே போதும் என்பது என் கருத்து. மக்களுக்குத் தெரிந்த சொல். சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். எல்லாவற்றுக்கும் புதுச்சொல் தேடினால் கையேடு அகராதியாகிவிடும்.

மறு: மறு: 'கிளியரன்ஸ்' – கலைச்சொல் தேவை

> சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

மாட்டார்கள். பணம் போவதே இந்த இடத்தில்தான். அந்த ஆங்கிலச் சொல் இரண்டு வேறு அளவுகளைச் சுமக்கிறது. பெட்டியின் விவரத்தாளில் வரும்போது 'உள்ளே அதிகபட்சம் எவ்வளவு உயரம் கொள்ளும்' என்று பொருள். பொருத்திய பிறகு பேசும்போது 'மிச்சம் எவ்வளவு விட்டிருக்கிறது' என்று பொருள். முதலாவது பெட்டியின் குணம். இரண்டாவது, பெட்டியும் உறுப்பும் சேர்ந்தால் மட்டுமே பிறக்கும் எண்.

இதே பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கூலருக்கு 155 மி.மீ. வரை கொள்ளும். விலை குறைவு என்று பலரும் வாங்கும் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ கூலரின் உயரமும் 155. தாளில் பார்த்தால் பொருந்துகிறது. மிச்சம்? பூஜ்யம். இதுபோன்ற இரட்டைக் கோபுரக் கூலரில் முன்விசிறி நினைவகத்துக்கு மேல் வந்து நிற்கும். விளக்கு வைத்த உயரமான நினைவகம் வாங்கியிருந்தால் விசிறியைச் சில மி.மீ. மேலே ஏற்றித்தான் மாட்ட முடியும். ஏற்றினால் கதவு மூடாது. அதனால் இந்தக் கூலரை எடுப்பவர் 31 முதல் 34 மி.மீ. உயரமுள்ள, தகடு குட்டையான நினைவகத்தையே எடுக்கவேண்டும். இரண்டு அளவுக்கும் 'இடைவெளி' என்றே எழுதினால் இந்தக் கணக்கை எப்படி விளக்குவீர்கள்?

முன்மொழிவு:

கொள்ளுயரம், கொள்நீளம், கொள்தடிமன் – பெட்டி ஏற்கும் உச்ச அளவு. கொள்ளளவு, கொள்கலன் என்று ஏற்கெனவே சொல்கிறோம். வழி புதிதல்ல.

விடுவெளி – மிச்சமாக விடப்படும் வெளி. "ரெண்டு விரல் இடம் விட்டு வை" என்று சொல்லும் அந்த 'விடு'தான். வினைத்தொகை என்பதால் விட்ட வெளி, விடுகிற வெளி, விடவேண்டிய வெளி மூன்றும் அடங்கும்.

விடுவெளி = கொள்ளுயரம் − உறுப்பின் உயரம்.

மறு: கொள்ளுயரம் / விடுவெளி

பிரித்தது சரி. சொற்களில் எனக்கு இரண்டு உறுத்தல்.

ஒன்று, 'விடுவெளி'யை வேகமாகப் படித்தால் 'விண்வெளி' என்று கண் தாவுகிறது. இரண்டு, இலக்கணப்படி ளகரமும் நகரமும் புணர்ந்தால் 'கொண்ணீளம்' ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக 'கொள்ளிடம்' என்று வைத்தால் என்ன? வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்றுதான் ஆற்றுக்கே அந்தப் பெயர் என்பார்கள்.

மறு: மறு: கொள்ளுயரம் / விடுவெளி

கொள்ளிடம் அழகான சொல்தான். ஆனால் தேடுபொறியில் போட்டால் பாலமும் கதவணையும்தான் வரும். கொண்ணீளம் என்று எழுதினால் கடைக்காரர் மட்டுமல்ல, தமிழாசிரியரும் ஒரு நொடி நிற்பார். 'கொள்திறன்' என்று புணர்த்தாமல் எழுதுவது வழக்கில் நிலைத்துவிட்டது. அதே சலுகையைக் கொள்நீளத்துக்கும் கொடுக்கலாம். விண்வெளிக் குழப்பம் நான்கு முறை படித்தால் தீரும்.

விடுவெளிக்கு ஆதரவாக இன்னொன்று. உறுப்பு உள்ளே போனால் போதாது, வேலை செய்யவும் இடம் வேண்டும். அதனால் வரையறையில் 'எதற்காக விடுவது' என்பதும் வரட்டும்.

காற்று: மேலிருந்து உறிஞ்சும் குட்டைக் கூலரைக் கண்ணாடிக் கதவை ஒட்டி வைத்தால் விசிறி இரையும், காற்று வராது. வெளியேறிய வெப்பக்காற்றையே திரும்ப உறிஞ்சும். 7600 செயலி 95 பாகை வரை ஏறி, அதற்குமேல் போகாமலிருக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சோதிக்க எளிய வழி உண்டு. சினிபெஞ்ச் என்னும் செயலிச் சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டி வெப்பத்தையும் மதிப்பெண்ணையும் குறியுங்கள். கதவைக் கழற்றி மறுபடி ஓட்டுங்கள். கதவு திறந்ததும் மதிப்பெண் கூடினால், குறை கூலரில் இல்லை, விடுவெளியில்.

வயர்: கிராபிக்ஸ் அட்டையின் மேல்விளிம்பில் மின்சாரம் தரும் 8 பின் செருகியும் அதன் வளைவும் சேரும். அட்டையின் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு வாங்கினால் கதவு வயரை அழுத்தும். 12 வோல்ட் உயர்மின் செருகி உள்ள அட்டையானால் சுமார் 35 மி.மீ. நேராக விட்ட பிறகே வயரை வளைக்கவேண்டும். முழுதும் அமராத செருகிகள் உருகிய கதை 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோதே தெரிந்ததுதான். 3060, 4060 வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் பழைய 8 பின்தான் என்பதால் இந்தக் கவலை குறைவு.

(550 வாட் போதுமா என்று தனியே கேட்டிருந்தார்கள். செயலி உச்சத்தில் 88 வாட், அட்டை 170 வாட். மற்றவற்றையும் சேர்த்து, திடீர் ஏற்றங்களுக்கு விட்டாலும் தாராளம். பட்ஜெட்டில் மிச்சம் பிடிக்க அட்டையை 8 ஜிபிக்கு இறக்கவேண்டாம். பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் ஒரு காட்சி, அட்டையின் நினைவகத்தை மீறினால், அதைப் படமாக்கும் வேலை (ரெண்டர்) தவழும், அல்லது நின்றேவிடும்.)

மறு: மறு: மறு: கொள்ளுயரம் / விடுவெளி

'இடைவெளி போதும்' என்று எழுதியவன் நான். 155-இல் 155 கணக்கைப் பார்த்தபின் அதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது. முன்பக்கம் விசிறி மாட்டும் பெட்டிகளில் கிராபிக்ஸ் அட்டைக்கான கொள்நீளமே மாறும். சாதாரண விசிறியின் தடிமன் 25 மி.மீ. நீர்க்குளிர்ப்பு ரேடியேட்டர் 27, அதன் விசிறி 25, ஆக 52. பெட்டிக்காரர்கள் விசிறி இல்லாத எண்ணையே பெரிதாகப் போடுவார்கள்.

மறு: மறு: மறு: மறு: கொள்ளுயரம் / விடுவெளி

அதற்கு இன்னொரு சொல் வேண்டாம். அட்டவணையில் எண்ணையே மூன்றாக எழுதிவிடலாம். எடுத்துக்காட்டாக: கொள்நீளம் 330, முன்விசிறியுடன் 305, ரேடியேட்டருடன் 278. என்ஆர்200இல் முன்விசிறி கிடையாது, அதற்கு 330 மட்டும். கையேட்டின் மூன்றாம் இயலில் மாற்றிவிட்டேன். கூலர் வரிசையில் 'விடுவெளி: 0' என்பதைச் சிவப்பில் போட்டிருக்கிறேன்.