புதுப்பிப்பு: இரட்டை எண் நாணயமும் பிறை வெட்டு நாணயமும்

இரண்டு நாணயங்களின் படம் போட்டு, அச்சடிப்புப் பிழையா சேதமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? ஒன்றில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிந்தது. மற்றதன் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு.

முதலாவது சீக்கிரம் முடிந்தது. லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் இரண்டாவது எண் தட்டையாக, படிக்கட்டு மாதிரி தாழ்ந்திருக்கிறது. அசல் எண்ணும் மெலிந்திருக்கிறது. நாணயத்தில் உருவம் பதிக்கும் அச்சு, அடிக்கும்போது லேசாக நகர்ந்ததால் வந்தது. அச்சே இரட்டையாக உருவாகியிருந்தால் எண் தடித்து, முனைகள் பிளந்திருக்கும். இதற்குக் கூடுதல் விலை கிடைப்பது அரிது. சரி, போகட்டும்.

பிறை வெட்டுதான் சுவாரசியம். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் விளிம்பு மங்கி, ஏறக்குறைய மறைந்தே போயிருக்கிறது. நாணயமாக அடிக்கும் முன்பே வெற்றுத் தகடு குறைபட்டிருந்தால், விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில் எதிர்ப்பக்கம் போதிய அழுத்தம் விழாது. பிளேக்ஸ்லி விளைவு என்பது இதுதான். எல்லா வெட்டு நாணயத்திலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. வெட்டை ஒட்டிய எழுத்துகளும் அதை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்கின்றன. பின்னால் யாராவது அரத்தால் ராவியிருந்தால் எழுத்து நறுக்கென்று அறுபட்டு நின்றிருக்கும். எடையும் குறைவுதான், ஆனால் ராவினாலும் எடை குறையும், அதை மட்டும் வைத்து வாதாட முடியாது.

அப்புறம், கழுவச் சொன்னவர்களுக்கு: கழுவவில்லை, கழுவப் போவதும் இல்லை. அடுத்து தரச்சான்றுக்கு அனுப்புகிறேன்.