மெர்ஜ் உரிமையை நம்பிக் கொடுக்கலாமா?

வணக்கம். தமிழ்த் தேடலுக்கான ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை (பிற நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) வேளச்சேரியிலிருந்து ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறேன். எம்ஐடி எனும் திறமூல உரிமம். புல் ரிக்வெஸ்ட்டுகள் (பிறர் அனுப்பும் நிரல் மாற்றங்கள்) குவிந்து கிடக்கின்றன. ஓஎம்ஆர் நெரிசலைத் தாண்டி வீடு வந்தால் தூக்கம்தான் வருகிறது.

ஒன்று மட்டும் இழுத்தடிக்கிறது. ‘கொ’வில் வரும் உயிர்க்குறியைச் சிலர் ஒரே யூனிகோட் குறியீடாகவும், சிலர் கொம்பும் காலும் தனித்தனியாகவும் உள்ளிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் சிக்காது. எல்லாவற்றையும் என்எஃப்சி எனும் ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் தீரும், ஆனால் பழைய இண்டெக்ஸ்களை (தேடல் அட்டவணைகளை)த் திரும்ப உருவாக்க வேண்டும்.

அப்புறம், நன்றாகப் பங்களிக்கும் ஒருவர் மெர்ஜ் உரிமை (மாற்றங்களை மூல நிரலில் சேர்க்கும் அனுமதி) கேட்கிறார். நேரில் பார்த்ததில்லை. 2024-இல் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் எனும் கோப்புச் சுருக்க மென்பொருளில் இணைப் பராமரிப்பாளர் கணக்கு வழியாகவே பின்கதவு (ரகசியமாக ஊடுருவ வழிவிடும் நிரல்) நுழைந்ததை நினைத்தால் தயக்கம். இருவர் ஒப்புதல் கட்டாயம், வெளியீட்டு உரிமை என்னிடம் மட்டும் என்று வைத்தால் போதுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். ரிவியூ செய்ய ஓரிருவர் வந்தாலும் பெரிய உதவி.