ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வராதீர்கள் (அப்பத்தா வீடு குழு)

தேனி அத்தை: தம்பி, வண்டி விபத்தில் தலையில் அடிபட்டு வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்த உன் மகன் குட்டி வீட்டுக்கு வந்துவிட்டானாமே. ஞாயிற்றுக்கிழமை வேன் பேசி எல்லோரும் வருகிறோம். பிரியாணி நான் செய்து எடுத்து வருகிறேன், உன் வீட்டில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

பெரியப்பா: 14 சீட் வேன். அம்மாவும் வந்தே தீருவேன் என்கிறது.

சித்தப்பா: அண்ணே, அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோரும் ஒரே நாளில் வேண்டாம். இரண்டு பேர் வாருங்கள், அரை மணி நேரம் இருங்கள், அப்புறம் இன்னொரு நாள் வேறு இரண்டு பேர். ஆள் கூடினால், சத்தம் கூடினால் அவனுக்குத் தலை தாங்குவதில்லை. கையில் இருப்பதைத் தூக்கி எறிகிறான், மறுநாள் முழுக்கத் தூங்குகிறான், அன்றைக்குப் பயிற்சி போச்சு.

தேனி அத்தை: நாம் என்ன வெளி ஆட்களா டா?

சித்தப்பா: அதற்கில்லை அக்கா. நீ வந்தால் முதலில் என்ன கேட்பாய்? "நான் யாரு, சொல்லு பாக்கலாம்." நம் ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அதைத்தான் கேட்கக்கூடாது.

நான்: ஏன் சித்தப்பா? ஞாபகம் வரட்டும் என்றுதானே கேட்கிறோம்?

சித்தப்பா: எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வேலூரில் பாகாயம் மறுவாழ்வு மையத்தில்தான் விளக்கிச் சொன்னார்கள். ஞாபகசக்தி அடிபட்ட பிள்ளை தெரியாததை ஊகித்துச் சொன்னால் அந்தத் தப்பே மனதில் பதிந்துவிடுமாம். சரியானது எது, நாமாகச் சொன்னது எது என்று பிரித்துத் திருத்திக்கொள்ளும் வேலை இப்போது அந்த மூளைக்குக் கஷ்டம். எதிர்வீட்டுக்காரர் வந்து கேட்டார், இவன் "கண்டக்டர்" என்றான், எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவரைப் பார்த்தாலே டிக்கெட் கேட்கிறான், பாவம் அவரும் ஏதோ ஒரு காகிதத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதனால் வந்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள், "நான் உன் அத்தை, தேனியிலிருந்து வந்திருக்கிறேன்" என்று. பத்து தடவை வந்தால் பத்து தடவையும் சொல்லுங்கள்.

பெரியப்பா: சரி. ஆனால் நம் அம்மாவையே கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினானாமே. அதையாவது கண்டிக்க வேண்டாமா? செல்லம் கொடுத்தால் கெட்டுப்போவான்.

சித்தப்பா: அண்ணே, அது செல்லமில்லை, காயம். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிதான் மூளைக்குப் பிரேக், அதில்தான் அவனுக்கு அடி. வாயில் வந்தது அப்படியே வெளியே வந்துவிடுகிறது. அடித்தாலும் கத்தினாலும் கூடத்தான் செய்யும். பேச்சை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொஞ்ச நேரம் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லி வையுங்கள்.

சித்தப்பா: அம்மா தலையில் கைவைத்து விபூதி பூசும், அது கண்டிப்பாக வேண்டாம். வீக்கத்துக்கு இடம் கொடுக்க வலது பக்க மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்திருக்கிறார்கள், அது அவன் வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. திரும்பப் பொருத்துகிற வரை அந்த இடத்தில் தோல் மட்டும்தான். கன்னத்தைத் தொடட்டும், போதும்.

தேனி அத்தை: ஐயோ சாமி, எலும்பை வயிற்றிலா வைத்திருக்கிறார்கள்?

சித்தப்பா: ஆமாம் அக்கா, உடம்புக்குள் இருந்தால் கெடாதாம். எழுந்து நடக்கும்போது மட்டும் ஹெல்மெட் போடுகிறோம். வண்டியில் பின்னால் உட்காரும்போது போட்டிருக்க வேண்டியது.

பெரியப்பா: என் கூட்டாளி ஒருவர் வல்லாரை லேகியம் தருகிறார், ஞாபகசக்திக்குக் கைகண்ட மருந்து. எடுத்து வரவா?

சித்தப்பா: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் அண்ணே. வலிப்பு வராமலிருக்க மாத்திரை ஓடுகிறது, ஒரு வேளைகூட விடக்கூடாது. எது எதோடு சேரும் சேராது என்று நமக்குத் தெரியாது.

நான்: சாப்பாடு எப்படி சித்தப்பா?

சித்தப்பா: தோசை சாப்பிடுகிறான்மா, ஆனால் தட்டில் வலது பாதியை மட்டும். இடது பாதி அப்படியே இருக்கும், காலி செய்துவிட்டதாகச் சொல்லி இன்னொன்று கேட்பான். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவான். கண்ணில் கோளாறு இல்லை, மூளையின் வலது பக்கத்தில் அடிபட்டால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராதாம். நோட்டில் இடது ஓரமாகச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம், அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வாசிக்க ஆரம்பிக்க வேண்டும். நீங்களும் இடது பக்கம் உட்கார்ந்தே பேசுங்கள், திரும்பிப் பார்க்கட்டும். தண்ணீர், டீயெல்லாம் கெட்டியாக்கிக் கொடுக்கிறோம், நீர்த்திருந்தால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், நிமோனியா வரும். சாப்பிடும்போது சிரிக்க வைக்காதீர்கள்.

பெரியப்பா: சின்ன வயசுதானே, சீக்கிரம் சரியாகிவிடும் தம்பி.

சித்தப்பா: எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நடை, பேச்சு சீக்கிரம் வரும், முதல் ஆறு மாதம் வேகமாக முன்னேற்றம் தெரியும், அப்புறமும் மெதுவாகத் தொடரும். ஆனால் திட்டம் போடுவது, கவனம் நிறுத்துவது எல்லாம் இனிமேல்தான் வளர வேண்டிய பருவம். எட்டாவதில் தெரியாத குறை பத்தாவதில் தெரியலாம். பார்க்க நன்றாக இருக்கிறான், அதுதான் ஆபத்து, சோம்பேறி என்று சொல்லிவிடுவார்கள். வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரைப் பார்த்திருக்கிறேன், முதலில் அரை நாள் பள்ளிக்கூடம் போகட்டும். பொதுத்தேர்வுக்குச் சான்றிதழ் காட்டினால் எழுதித்தர ஆளும் கூடுதலாக ஒரு மணி நேரமும் தருவார்கள்.

சித்தி: மதினி, நான் ஒன்று கேட்கலாமா? பார்க்க வருவதை விட, வாரத்தில் ஒரு நாள் யாராவது இரண்டு மணி நேரம் அவனோடு இருந்தால் நான் கொஞ்சம் தூங்குவேன். அவர் கடைக்குப் போய்விட்டால் நான் ஒருத்திதான். குளிக்கக்கூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன்.

தேனி அத்தை: ஏம்மா இதை முதலிலேயே சொல்லக்கூடாதா? செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன். யாரும் வராதே என்று சொன்னாலும் வருவேன்.

பெரியப்பா: ஞாயிறு நானும் அம்மாவும் மட்டும். அரை மணி நேரம்தான், கடிகாரம் பார்த்துக் கிளப்பிவிடுகிறேன். மற்றவர்களுக்குப் பிறகு நாள் போட்டுக்கொள்ளலாம்.

நான்: நான் செமஸ்டர் லீவில் வந்து தங்குகிறேன் சித்தி.

சித்தப்பா: அக்கா, செவ்வாய் காலை ஒன்பதுக்கு வந்துவிடு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி பெண் பத்து மணிக்கு வருவார். அவர் போன பிறகு அவனை, சரியாக வராத அந்த இடது கையால் பட்டாணி உரிக்க வை, வலது கையைக் கொண்டுவந்தால் மெதுவாக எடுத்து மடியில் வைத்துவிடு. களைத்தால் விட்டுவிடு. பலகையில் அன்றைய தேதி, வந்திருப்பவர் பெயர் எழுதுவோம், நீயே உன் பெயரை எழுது.

தேனி அத்தை: பட்டாணி நானே வாங்கி வருகிறேன். எத்தனை கிலோ?

சித்தப்பா: கால் கிலோ போதும் அக்கா.