வெளிநாட்டிலிருந்து லீவில் வருபவரிடம் கேமிங் கம்ப்யூட்டர் சொல்லி விடும் முன்: சிங்கப்பூர், துபாய், ஷென்ஜென் சந்தை அனுபவங்கள்

ஐந்து ஊர்க்காரர்கள் சொன்னது, ஒவ்வொருவர் ஊரும் தலைப்பாக.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

சிங்கப்பூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைக் கட்டடமான சிம் லிம் ஸ்கொயரில் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடைகள் பெரும்பாலும் மேல் தளங்களில்தான். கீழேயே யாராவது கூப்பிட்டு உட்கார வைத்தால் உட்கார்ந்துவிடாதீங்க. விலைப்பட்டியலைத் தாளில் அச்சடித்தே வைத்திருப்பாங்க. மூணு நாலு கடைத் தாளைக் கையில் வாங்கிக்கிட்டு அப்புறம் பேச்சைத் தொடங்குங்க. விலை 9% ஜிஎஸ்டி சேர்த்தா, கார்டில் கட்டினால் கூடுதலா, பழுதானால் கடை பார்க்குமா கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட் பார்ப்பாரா என்ற மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் பர்ஸை எடுக்கணும்.

"ஐ5, 16 ஜிபி, 3060" என்று பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டை மேலோட்டமாக மட்டும் சொல்லும் செட் விலைக்குத் தலையாட்ட வேண்டாம். ஐ5-இல் எத்தனையாவது தலைமுறை? 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா, 8 ஜிபி இரண்டா? ஒரே ஸ்டிக் என்றால் ரேம் ஒற்றைச் சேனலில் ஓடி, பல கேமில் ஃபிரேம் (நொடிக்கு வரும் படங்கள்) கண்ணுக்குத் தெரிகிற அளவு விழும். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி கார்டுக்கு மெமரிப் பாதை (பஸ்) 192 பிட், பிறகு வந்த 8 ஜிபி கார்டுக்கு 128 பிட். பெயர் ஒன்றுதான், வேகம் வேறு. 3050-உம் அப்படித்தான்: 8 ஜிபியில் 2560 கோர் (கணக்குப் போடும் அலகு), 6 ஜிபியில் 2304. பில்லில் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் வரணும்.

பணம் கட்டிய பிறகு "வாரண்டி ஒப்பந்தம்" என்று தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீங்க. 2014-இல் இதே கட்டடத்தில் ஐபோன் வாங்கிய வியட்நாம் பயணி ஒருவர் அப்படி மாட்டி, மண்டியிட்டுக் கெஞ்சிய வீடியோ உலகம் முழுக்கப் போனது. அங்கே நேர்மையான கடைகள்தான் அதிகம், ஆனால் எந்தக் கடையானாலும் தாளைப் படிக்காமல் விடக் கூடாது.

கடலூர் முதுநகர்

வரிக் கணக்கு சொல்றேன். சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணிக்கு ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும், குறைந்தது 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியிருந்தால். ஆனால் நம்ம மாவட்டத்துல இருந்து வொர்க் பர்மிட்டில் போனவங்களுக்கு அது கிடையாது. அந்த 9 சதவீதத்தைக் கழித்துக் கணக்குப் போட்டுத்தான் பலர் ஏமாறுறாங்க.

சென்னை ஏர்போர்ட்டில் 18 வயது நிரம்பிய ஒருவருக்கு ஒரு லேப்டாப் வரியில்லாமல் விடுவாங்க. டெஸ்க்டாப்புக்கும் தனி பார்ட்ஸுக்கும் அந்தச் சலுகை இல்லை, அவை பொதுவான இலவச வரம்புக்குள் வரணும். 2016 விதியில் அது 50,000 ரூபாய். இப்போதைய வரம்பைக் கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறை தளத்தில் பாருங்க. ஒரிஜினல் பில் கையிலேயே இருக்கட்டும். பெரிய மானிட்டரை டிவி என்று எடுத்துக்கொண்டால் வாக்குவாதம்தான், டிவிக்கு இலவச வரம்பே கிடையாது. மானிட்டரை இங்கேயே வாங்குங்க தம்பிகளா.

லாஸ்பேட்டை

சீனாவின் ஷென்ஜென் நகர எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ஹுவாச்சியாங்பெய் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஆசைக்கு இதைப் படிச்சிட்டுப் போங்க. ஆர்எக்ஸ் 580 என்று கொடுப்பதில் பலவற்றுக்குப் பெயரின் பின்னால் "2048எஸ்பி" என்று இருக்கும். உண்மையான 580-இல் 2304 கோர், இதில் 2048. அதாவது 570-தான் 580 சட்டை போட்டு வருது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லி மிகப் பழைய ஃபெர்மி தலைமுறைக் கார்டில் பயாஸை (கார்டின் உள் மென்பொருளை) மாற்றி எழுதியும் விற்பாங்க. பின்பக்கம் நீல விஜிஏ போர்ட் இருந்தால் அங்கேயே சந்தேகப்படணும். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோனால், மாற்றி எழுதிய கார்டில் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டும்.

கிரிப்டோ நாணய மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிங்க. ஹீட்சிங்க் ஓரத்தில் மஞ்சள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்திருக்கு. ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரிச்சிருக்காங்க. ஃபேனை விரலால் சுற்றினால் சத்தமில்லாமல் ஓடி மெதுவாக நிற்கணும், கரகரத்தால் பேரிங் போச்சு. அப்புறம் கார்டைச் சூடேற்றிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை 15 நிமிஷம் கடையிலேயே ஓட விடுங்க. இரண்டு நிமிஷம் போதும் என்பார் கடைக்காரர். போதாது. மெமரிக் கோளாறு சூடேறிய பிறகுதான் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

எக்ஸ்99 மதர்போர்டும் பழைய சர்வர் பிராசஸரான ஜியான் இ5-2680 வி4-உம் சேர்ந்த செட் மலிவுதான், 14 கோர். ஆனால் டர்போவே (அதிகபட்ச வேகமே) 3.3 கிகாஹெர்ட்ஸ், கேமில் ஒரு கோர் வேகம்தான் முக்கியம். விண்டோஸ் 11 பட்டியலில் இந்தப் பிராசஸர் இல்லை, விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிஞ்சுது. ஆறு கோர் ரைசன் 5 5600-ஓ ஐ5-12400எஃப்-ஓ கேமுக்கு இதைவிட எவ்வளவோ மேல்.

திருப்பாதிரிப்புலியூர்

துபாய்க்குச் சுருக்கமா: பர் துபாய் காலித் பின் வலீத் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் கடைகள் உள்ள அல் ஐன் சென்டர், அல் கலீஜ் சென்டர் இரண்டும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். விற்பனை வரி (VAT) 5%. லேப்டாப் வாங்கினால் கீபோர்டில் பெரும்பாலும் அரபி எழுத்து சேர்ந்தே வரும், பிளக்கும் மூன்று சதுரக் கால் கொண்ட பிரிட்டிஷ் வகை. வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கம்பெனி தளத்தில் சீரியல் எண் போட்டுப் பாருங்க, கடைக்காரர் வாய்ச்சொல் போதாது.

வில்லியனூர்

வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி. மூன்றும் சின்னது, கடையிலேயே சோதிக்க முடியும். கேபினெட், பவர் சப்ளை, மதர்போர்டு இங்கேயே, 18% ஜிஎஸ்டி கொடுத்தாலும் பரவாயில்லை. பவர் சப்ளை போனால் சென்னை ரிச்சி தெருவில் போய் மாற்றிக்கொண்டு வரலாம், ஷென்ஜென் போக முடியாது. யாராவது வெளிநாட்டுப் பவர் சப்ளை கொடுத்தால் லேபிளில் 100-240 வோல்ட் போல நம்ம 230-உம் அடங்கியிருக்கணும். பின்னால் சிவப்பு ஸ்விட்ச் 115-இல் இருக்கும்போது நம்ம 230-இல் செருகினால் அங்கேயே வெடிக்கும்.

அசெம்பிள் செய்த டவரை முழுசாக விமானத்தில் போடாதீங்க. கார்டின் எடையில் ஸ்லாட் பிய்யும். கார்டை நிலைமின்சாரம் தாக்காத ஆன்டிஸ்டாடிக் கவரில் போட்டுக் கைப்பையில். பழைய ஏஎம்4 (ஏஎம்டி ரைசன் சாக்கெட்) பிராசஸரைக் கழற்றும்போது கூலரை நேராக இழுக்காதீங்க, நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளையும். பத்து நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணி, இளஞ்சூட்டில் இடமும் வலமும் திருகி எடுங்க.

யுபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் 360 வாட்தான். 3060 வைத்த செட் கேமில் 250 வாட்டைத் தாண்டும், மானிட்டரும் சேரும். 1000 விஏ எடுங்க. நமக்குக் கடல் காத்து வேற. கிழக்கு ஜன்னல் ஓரத்தில் வைக்காதீங்க, மாசக்கணக்கில் ஆஃப் பண்ணியும் போடாதீங்க. ஓடிக்கிட்டிருந்தால் உள்ளே சூட்டில் ஈரம் தங்காது. கார்டைக் கழற்றும்போது ஸ்லாட்டில் செருகும் தங்க நிற விளிம்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைச்சு, நல்லா காய்ந்த பிறகு செருகுங்க.